நடுவில் இருப்பவனின் அறிவு: செங்கற்பட்டுச் சீமையிலிருந்து சில குறிப்புகள்

மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய டீக்கடை ஒன்றில் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் நின்றால் இரண்டு விதமான தமிழ் காதில் விழும். ஒன்று, பிரஸ் ஷாப்பிலிருந்து வெளியே வருகிறவர்களுடையது: 'டை மாத்தினதுலயே அரை ஷிஃப்ட் போச்சு.' இன்னொன்று, கழுத்தில் அடையாள அட்டை தொங்க நிற்கிறவர்களுடையது: 'ரெக்வயர்மென்ட் இன்னும் ஃப்ரீஸ் ஆகல.' இரண்டும் ஒரே தொழிற்சாலையைப் பற்றிய பேச்சுதான். ஆனால் முதலாமவர் இரண்டாமவரிடம் நேராகப் பேச வேண்டி வந்தால் நடுவில் ஒரு ஆள் தேவைப்படுகிறார். அந்த ஆளுக்கு இன்று பிசினஸ் அனலிஸ்ட் என்று பெயர், சுருக்கமாக பி.ஏ. (எங்களைப் போன்ற தமிழ் எம்.ஏ.க்களுக்கு அந்த இரண்டெழுத்தைக் கேட்டதும் வேறு ஞாபகம் வருவது தவிர்க்க முடியாதது.) தொழிலில் இருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதை நிரல் எழுதுகிறவர்களுக்குப் புரியும்படி எழுதிக் கொடுத்து, எழுதி வந்ததை மறுபடி தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்குவது அவர் வேலை. தனித்தமிழ் இயக்கத்தின் அடிகள் பெயரைத் தாங்கிய ஊரில் இந்த வேலைக்குத் தமிழில் ஒரு பெயர் புழங்கவில்லை என்பதை முரண்நகை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். நான் சொல்ல வந்தது அதுவல்ல.

அந்தக் கடையில் ஒரு நாள், இன்டர்வியூவுக்குப் போகவிருந்த பையன் ஒருவன் தன் சீனியரைக் கேட்டான்: 'அண்ணா, பி.ஏ.வுக்கு எவ்ளோ டெக்னிகல் தெரியணும்?' சீனியர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: 'கோடு எழுதத் தெரிய வேணாம்டா. எழுதறவன் கதை விட்டா கண்டுபிடிக்கத் தெரியணும்.'

இந்தப் பதிலை அலட்சியமாகக் கேட்டுவிட்டு வந்து, பிறகு பல நாட்கள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். 'எவ்வளவு' என்ற கேள்வி அறிவை மரக்காலால் அளக்கப் பார்க்கிறது. சீனியரின் பதிலோ அளவைப் பற்றியதே அல்ல. யாரிடம் ஏமாறக்கூடாது என்பதைப் பற்றியது. நடுவில் இருப்பவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம், அவனை யார் எதற்காக நம்புவது என்ற கேள்வியும் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கேள்வி மென்பொருளோடு பிறந்ததல்ல. இதே செங்கற்பட்டு மண்ணில் அதற்கு இரண்டரை நூற்றாண்டு வயது.

*

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர்தான் பின்னால் செங்கற்பட்டு மாவட்டமாக ஆயிற்று. கையில் வந்த நிலத்தைக் கம்பெனி நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. காரணம் எளிது. அந்த நிலத்தில் என்ன விளைகிறது, யாருக்கு எவ்வளவு போகிறது என்று கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினியர் ஜாகீர் முழுவதையும் அளந்தார். சுமார் 2000 ஊர்கள். வீடுகள், ஏரிகள், சாதிகள், தொழில்கள், நிலங்கள், மானியங்கள் எல்லாம் குறிக்கப்பட்டன. அந்தக் காலத்து ஊர்க்கணக்கு ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தரம்பால் இந்த ஆவணங்களின் பக்கம் கவனத்தைத் திருப்பிய பிறகு அவற்றைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. பழம்பெருமை தேடுகிறவர்கள் அவற்றில் ஒரு பொற்காலத்தைக் கண்டெடுக்கிறார்கள். எனக்கு அந்த அவசரம் இல்லை. அளவையும் கணக்கும் அங்கே இரண்டு வேறு கைகளில் இருந்தன என்பதுதான் என் அக்கறை. அளவுச் சங்கிலி எஞ்சினியர் கையில்; ஓலை கணக்குப்பிள்ளை கையில்.

கணக்குப்பிள்ளைக்கு என்ன தெரியும்? திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்து வந்தவர் அவர். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு என்பது அவருக்கு யோசிக்காமல் வரும். செந்தில் பாபு அந்தக் கணித உலகத்தைப் பற்றி 2022இல் வெளியிட்ட நூல், கணக்கு என்பது அங்கே மனசிலும் வாயிலும் கையிலும் இருந்த பழக்கம் என்பதை விரிவாகக் காட்டுகிறது. ஆனால் கணக்குப்பிள்ளையின் பலம் பெருக்கல் வாய்ப்பாட்டில் இல்லை. ஒரு சொல் எந்த இடத்தில் என்ன பொருளில் நிற்கிறது என்று அறிந்திருந்ததில் இருந்தது.

'காணி' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். எண்சுவடியில் காணி என்பது 80இல் ஒரு பங்கு. நிலத்தில் அது ஒரு பரப்பு: பிற்காலச் செங்கற்பட்டுக் கணக்கில் 24 அடிக் கோலால் அளந்த சதுரம் ஒரு குழி, 100 குழி ஒரு காணி, ஏக்கரில் ஏறத்தாழ 1.32. கோல் ஊருக்கு ஊர் மாறினால் காணியும் மாறும். இதற்கெல்லாம் மேலே, தொண்டை மண்டலத்தில் காணி என்றால் உரிமை. காணியாட்சி, காணியாளர் என்பதெல்லாம் அந்தப் பொருளில் வருவது. அரபி வழியாக வந்த 'மிராசு' என்ற சொல் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. ஆகவே ஓலையில் 'காணி' என்று இருந்தால் அது பின்னமா, பரப்பா, பரம்பரைப் பாத்தியதையா என்பதை ஓலை சொல்லாது. கணக்குப்பிள்ளைதான் சொல்ல வேண்டும். 'சுதந்திரம்' என்பதும் அப்படியே. களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போது கோயில், கணக்குப்பிள்ளை, தச்சன், கொல்லன், வெட்டி என்று ஒவ்வொருவருக்கும் எடுத்து வைக்கிற பங்குக்குப் பெயர் அது. பின்னாளில் நாடு முழுவதற்கும் வாங்கப்போகிற ஒன்றின் பெயரல்ல. மேல்வாரமும் குடிவாரமும் பிரிப்பதற்கு முன்னால் எடுக்கும் சுதந்திரம் எது, பின்னால் எடுப்பது எது என்பதைப் பொறுத்து சர்க்காருக்கு வரும் நெல் கூடும், குறையும்.

இதைத்தான் இன்றைய தொழிலில் 'டொமைன் அறிவு' என்கிறார்கள். கம்பெனிக்கு அது இல்லை. கணக்குப்பிள்ளையிடம் இருந்தது. இருந்ததனாலேயே அவர்மேல் சந்தேகமும் இருந்தது.

*

சந்தேகத்தின் வரலாறு ஓலையைவிடச் சுவாரசியமானது. துபாஷ் என்றால் இரு மொழியாளன். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையிலும் புதுச்சேரியிலும் ஐரோப்பியர் யாரும் துபாஷ் இல்லாமல் ஒரு கெஜம் துணி வாங்கியதில்லை. புதுச்சேரியில் துய்ப்ளெக்சின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், நடுவில் நிற்பவனின் பயம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. அவர் பயந்தது எதிரிக்கு மட்டும் அல்ல. கவர்னரின் மனைவிக்கும்தான். புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியும். அவள் நேராகவே பேசிவிடுவாள், ஆள் வைத்து விசாரித்துவிடுவாள். நடுவில் இருப்பவனுக்கு, இரண்டு பக்கமும் தெரிந்த மூன்றாவது ஆளைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. பிள்ளை அந்த அம்மாளைப் பற்றி எழுதும் இடங்களில் தெரிகிற கசப்பை வெறும் தனிமனிதப் பகை என்று மட்டும் வாசிக்கக் கூடாது என்று எனக்குப் படுகிறது. அது ஒரு வேலையின் அஸ்திவாரம் ஆடுகிற சத்தம்.

சென்னையில் கதை நீதிமன்றம் வரை போயிற்று. கவர்னர் பொறுப்பில் இருந்த ஜான் ஹாலண்டின் துபாஷ் அவதானம் பாப்பையா, கம்பெனி அதிகாரி ஹாலிபர்ட்டன்மீது பொய்க் குற்றம் ஜோடித்ததாக 1792இல் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். வால்டர் ஸ்காட் அந்தப் பெயரைத் தன் கதையொன்றில் வில்லனாக்கிக்கொண்டார். எசமானர்கள் அடித்த கொள்ளைக்கு முகம் மட்டும் துபாஷினுடையதாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1794இலிருந்து 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், நிலத்தில் நுழைந்திருந்த சென்னைத் துபாஷிகளைப் பற்றி எழுதும்போது அவர் பேனா சூடாகிவிடுகிறது. கணக்குகளை மறைக்கிறார்கள், மிராசுதாரர்களைத் தூண்டிவிடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. யூஜீன் இர்ஷிக் 1994இல் வெளியிட்ட நூலில் பிளேஸின் காலத்தை வேறு மாதிரி வாசிக்கிறார். அங்கே உருவானது வெள்ளையர் திணித்த அறிவு அல்ல, இரு தரப்பும் பேசிப்பேசி உண்டாக்கிய அறிவு என்பது அவர் வாதம். உரையாடல் என்ற சொல்லில் ஒரு சமத்துவ வாசனை அடிக்கிறது. அது எனக்குச் சற்று உறுத்தல். ஒருவன் கையில் சாட்டையும் இன்னொருவன் கையில் ஓலையும் இருக்கும்போது நடப்பதும் உரையாடல்தான், சரி. ஆனால் ஓலை வைத்திருந்தவன் வெறுங்கையன் அல்ல என்பதை அவர் காட்டியது முக்கியம்.

நடுவில் இருப்பவனை நம்ப முடியாதபோது அதிகாரம் என்ன செய்யும்? இரண்டு காரியம் செய்தது. ஒன்று, தன் ஆளைத் தொழில்நுட்பத்தில் பழக்கியது. 1794இல் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. அனாதை விடுதியில் இருந்த பையன்களை எடுத்து அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஊரில் யாருக்கும் உறவாக இல்லாத, சம்பளம் குறைந்த, சங்கிலி பிடிக்கத் தெரிந்த ஆட்கள். இந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆகி, 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் மையமாயிற்று. இன்று ஒரகடத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் ஆள் அனுப்புகிற கல்லூரிகளில் பெரும்பகுதி அதன் இணைப்பில்தான் இருக்கின்றன. வம்சாவளி என்று சொன்னால் மிகை. ஆனால் வேரை மறந்துவிட வேண்டியதும் இல்லை.

இரண்டாவது காரியம், தானே மொழி படித்தது. 1812இல் கோட்டைக் கல்லூரி வந்தது. அங்கேதான் எல்லிஸ் வருகிறார்.

*

தமிழ் படித்தவர்களுக்கு எல்லிஸ் என்றால் திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் நிறுவியவர், குறளுக்கு உரை எழுதியவர், வள்ளுவர் உருவம் பொறித்த பொன் காசு. பரீட்சைக்கு இது போதும். அவர் சென்னை கலெக்டர் என்பதையும், அவர் எழுதியவற்றில் மிராசு உரிமை பற்றிய பதில்கள் முக்கியமானவை என்பதையும் எங்களுக்கு யாரும் வகுப்பில் சொன்னதில்லை. மிராசு என்றால் என்ன, அதை விற்கலாமா, அடமானம் வைக்கலாமா, காணியாளன் ஊரைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்ற தினுசில் அரசாங்கம் 17 கேள்விகள் கேட்டது. எல்லிஸின் பதில்கள் 1818இல் அச்சாயின.

இன்று எந்த மென்பொருள் நிறுவனத்தில் பி.ஏ. ஆக இருப்பவரும் அந்த 17 கேள்விகளைப் பார்த்தால் இது என்ன ஆவணம் என்று உடனே சொல்லிவிடுவார். கட்டப்போகிற ஒன்றுக்கு (அப்போது அது வரிவசூல் முறை) முன்னால் கேட்டுக் குறித்துக்கொள்ளும் தேவைப் பட்டியல். எல்லிஸ் எப்படிப் பதில் தேடினார் என்பதுதான் பாடம். பழைய சாசனங்களையும் கிரயப் பத்திரங்களையும் படித்தார். கூடவே அவருடைய சிரஸ்தேதார் சங்கரய்யா இருந்தார். ஆங்கிலமும் தெரிந்து, ஊர் வழக்கமும் தெரிந்து, நூல் வழக்கமும் தெரிந்த ஆள். எல்லிஸின் பெயரில் நிற்கும் அறிவில் சங்கரய்யாவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். டிரவுட்மன் தம் 2006ஆம் ஆண்டு நூலில் இந்தக் கூட்டு உழைப்பை வெளிக்கொண்டு வந்தார்.

ஆனால் அத்தனை நுட்பமாக எழுதப்பட்ட பதிலுக்கு நேர்ந்தது என்ன? எல்லிஸ் 1819இல் இறந்துபோனார். 1824 டிசம்பரில் கவர்னர் மன்றோ எழுதிய நீண்ட குறிப்பு, மிராசுக்கு எல்லிஸ் கொடுத்த மதிப்பை ஏற்கவில்லை. மன்றோ பாராமகாலிலும் கடப்பை, பல்லாரிப் பக்கத்திலும் ரயத்துகளோடு வெயிலில் அலைந்து வரி நிர்ணயித்தவர். அவருக்குத் தெரிந்த நிலம் வேறு, எல்லிஸுக்குத் தெரிந்த நிலம் வேறு. எல்லிஸிடம் நூலறிவு, பத்திர அறிவு, மன்றோவிடம் நடைமுறை அறிவு, போதாததற்கு நாற்காலி. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்றுதான் கவனிக்க வேண்டும்: நடுவில் இருப்பவன் எவ்வளவு சரியாக எழுதிக்கொடுத்தாலும், மேலே இருப்பவன் ஏற்கெனவே ஒரு முறையைக் கட்டத் தீர்மானித்திருந்தால், அந்தத் தாள் கட்டோடு கட்டாகப் போய்விடும். இதையும் இன்றைய பி.ஏ.க்களிடம் சொல்லிப் பாருங்கள், கசப்போடு சிரிப்பார்கள்.

*

மேற்கே இந்தப் பிரச்சினை தொழிற்சாலை வழியாக வந்தது. 1903இல் டெய்லர், யோசிப்பதை எல்லாம் பட்டறையிலிருந்து பிடுங்கித் திட்ட அறையில் வைக்க வேண்டும் என்று எழுதினார். தொழிலாளியின் கையில் இருக்கும் அறிவைக் குறித்து வாங்கிக்கொண்டால் அவனிடம் கெஞ்ச வேண்டியதில்லை. செம்புப் பட்டறையில் தொழில் பழகிய பிரேவர்மன் 1974இல் அதற்கு எழுதிய பதில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கேட்டுக் குறித்துக்கொள்கிறவன் நல்லவனா கெட்டவனா என்பதல்ல விஷயம். குறித்த தாள் யார் மேசைக்குப் போகிறது என்பது விஷயம்.

கம்ப்யூட்டர் அலுவலகத்துக்குள் நுழைந்த முதல் கதை இதற்குக் கொஞ்சம் மாறானது. இங்கிலாந்தில் டீக்கடைகள் நடத்திவந்த லயன்ஸ் கம்பெனி, லியோ என்ற தன் சொந்தக் கம்ப்யூட்டரில் 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கைப் போட்டது. அந்த வேலைகளை வடிவமைத்த டேவிட் கேமினர் அந்தக் கம்பெனியின் அலுவலகத்திலேயே வளர்ந்தவர். முதலில் ரொட்டியின் கணக்குத் தெரிந்தது, எந்திரம் பிறகு வந்தது. எந்திரம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைக் கூடவே இருந்து கற்றுக்கொண்டார்கள். கேட்பவன் வேறு, நிரல் எழுதுபவன் வேறு என்ற கோடு அங்கே இவ்வளவு அழுத்தமாக இல்லை. பிறகுதான் தொழில் பிரிந்து, பட்டம் பிரிந்து, 2003இல் டொரொண்டோவில் பிசினஸ் அனலிஸ்டுகளுக்கென்று ஒரு சர்வதேச அமைப்பும் அவர்களுக்கான தேர்வுகளும் வந்தன. பாடநூல் வந்துவிட்டால் 'எவ்வளவு தெரியணும்' என்று கேட்பது இயல்புதானே.

*

இனி எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டோரைப் பற்றி. தமிழ் எம்.ஏ.வை வைத்துக்கொண்டு நான் செய்த பலவகை வேலைகளில் ஒன்று, இந்தப் பகுதியில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்காக மென்பொருள் கையேட்டைத் தமிழில் பெயர்த்தது. ஸ்டோர்ஸில் ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். தேவைகளைக் குறிக்க வந்திருந்தது ஒரு கொங்கு நாட்டுப் பெண், இருபத்தாறு இருபத்தேழு வயசு. கெட்டிக்காரி. தரவு அட்டவணைகளிலிருந்து வேண்டியதைத் தானே வினவி எடுத்துக்கொள்வாள். ஸ்டோர்கீப்பர் அண்ணன் ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்த மனிதர்.

'சரக்கு வந்தா உடனே என்ட்ரி போடுவீங்களாண்ணா?' என்று கேட்டாள்.

'எந்த வந்தாச்சு மேடம்? கேட்டுக்குள்ள வந்தாச்சா, இறக்கியாச்சா, க்யூ.சி. பாத்தாச்சா, பின்னுல அடுக்கியாச்சா? நாலும் வந்தாச்சுதான்.'

அவள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். ஆனால் தாளில் ஒரே ஒரு 'வரவு' தான் விழுந்தது. வரவுச் சீட்டுப் போட்டதும் இருப்பு ஏறிவிடும் என்று மென்பொருள் கட்டப்பட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு இரவு, திட்டப் பிரிவின் திரையில் ஒரு பிராக்கெட் ஏராளமாக இருந்தது. நிஜத்தில் அத்தனையும் மஞ்சள் சீட்டு ஒட்டி, தரச் சோதனைக்காக ஒதுக்கி வைத்திருந்தது. லைன் நின்றது. காணி என்றால் எந்தக் காணி என்று கேட்காத கதைதான் இது.

இதுவரை கேட்டால், தொழில்நுட்பம் கிடக்கட்டும், ஊர்வழக்கு தெரிந்தால் போதும் என்று தோன்றும். அடுத்து நடந்தது அப்படி நினைக்க விடவில்லை. பிழை எங்கே என்று அந்தப் பெண்ணுக்கு மறுநாளே புரிந்துவிட்டது. இருப்பு என்ற எண்ணோடு அதன் நிலையும் சேர்ந்திருக்க வேண்டும்: சோதனையில் இருப்பது, தேறியது, தள்ளியது. நிரல் எழுதிய குழுவிடம் கேட்டாள். 'முடியாது, ரொம்பப் பெரிய வேலை' என்றார்கள். அங்கே திணறிப்போனாள். வினவல் எழுதத் தெரிந்த பெண்ணுக்கு அந்த 'முடியாது' எந்த முடியாது என்று பிரித்தறியத் தெரியவில்லை. எந்திரத்தின் இயல்பால் முடியாதா? இருப்பை வாசிக்கிற இடங்கள் (பில், திட்டம், தணிக்கை, இரவில் தானாக ஓடுகிற கணக்கு) எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டியிருப்பதால் மூன்று மாதம் ஆகும் என்ற முடியாதா? அல்லது, ஒப்பந்தத்தில் இல்லாததைச் செய்ய மனசில்லை என்ற முடியாதா? முதலாவதற்கு வேறு வழி தேட வேண்டும், இரண்டாவதற்குக் காசும் காலமும் கேட்க வேண்டும், மூன்றாவதற்குச் சண்டை போட வேண்டும். அவள் மூன்றாவதை முதலாவது என்று நம்பினாள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஸ்டோரில் வைத்தார்கள். மஞ்சள் சீட்டுச் சரக்கை மட்டும் அதில் கையால் எழுத வேண்டியது. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஓலை!

கலெக்டரிடம் கணக்குப்பிள்ளை 'வழக்கமில்லை துரை' என்று சொல்லும்போதும் இதே மூன்று இருந்திருக்கும். உண்மையிலேயே வழக்கமில்லை, இருக்கிறது, ஆனால் சொன்னால் ஊர் பிரியும், இருக்கிறது, உமக்குச் சொல்ல மாட்டேன். நடுவில் இருப்பவனுக்கு வேண்டிய தொழில்நுட்ப அறிவு எவ்வளவு என்று என்னைக் கேட்டால், இந்த மூன்றையும் பிரிக்கிற அளவு என்பேன். அதற்கு நிரல் எழுதிப் பிழைக்க வேண்டியதில்லை. ஒரு தகவல் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது, எது மூலம் எது நகல், எதை மாற்றினால் திரும்பப் பெற முடியாது, ஒரு திரையின் பின்னால் வேறு எந்த அமைப்பு காத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்கவும், வருகிற பதிலைச் சோதிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு முறையாவது தானே சின்னதாக ஒன்றைக் கட்டி, அது உடைந்து பார்த்திருந்தால் இந்தக் காது சீக்கிரம் வாய்க்கும். அந்தப் பெண் பிறகு அதைத்தான் செய்தாள் என்று கேள்விப்பட்டேன்.

*

ஆனால் சந்தேகப்படத் தெரிந்தவனும் யாரைக் கேட்பது என்பதில் தவறிவிடலாம். எல்லிஸின் பதில்களில் நிலத்தோடு கட்டுண்ட பறையர் அடிமைகளைப் பற்றிய பேச்சு வருகிறது. அவர்கள் பதிலுக்குள் இருக்கிறார்கள்; பதில் சொன்னவர்களாக இல்லை. இத்தனைக்கும், எல்லைத் தகராறு வந்தால் ஊர்ப் பறையரைக் கூப்பிட்டு எல்லையை நடந்து காட்டச் சொல்லும் வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்புகளே சொல்கின்றன. அவர் நடந்த கோடுதான் எல்லை. அளவைப் பள்ளியில் படித்தவனுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் இல்லாத அறிவு அவர் காலில் இருந்தது. நிலம் மட்டும் அவர் பெயரில் இல்லை. கலெக்டர் டிரமன்ஹீர் செங்கற்பட்டுப் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதி, அதன் பேரில் 1892இல் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வர, எல்லிஸுக்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அப்படிக் கொடுத்த நிலத்துக்கு நிபந்தனை உண்டு: பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் அதே மக்களுக்குள்தான். நிபந்தனை ஆவணத்தில் நின்றது, நிலம் நழுவிற்று. அந்தப் பஞ்சமி நிலங்களை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். மறைமலை நகரிலிருந்து அந்த இடம் ரயிலில் சில ஸ்டேஷன்கள்தான். அதற்குள் பரம்பரைக் கர்ணம் பதவியும் இல்லை. 1980இலேயே ஒழிக்கப்பட்டு, தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நடுவில் இருக்கும் ஆளை மாற்றியதால் மட்டும் கேட்கப்படாதவர் கேட்கப்பட்டுவிடவில்லை.

நடுவில் இருக்கும் நாற்காலிக்கு ஆயுள் கெட்டி. மறைமலை நகரில் ஃபோர்டு 1990களின் பின்பாதியில் ஆலையை எழுப்பியது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாகச் சொன்னது. 2022இல் கடைசிக் கார் வெளியே வந்தது. வெல்டு வைத்தவர்களும் பெயின்ட் அடித்தவர்களும் இழப்பீட்டுக்காகக் கேட் முன்னால் உட்கார்ந்திருந்த மாதங்களிலும், அதே கம்பெனியின் சென்னை அலுவலகங்களில் கணக்கும் மென்பொருளும் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலையில் இருந்தார்கள். 2024இல் ஏற்றுமதிக்காக ஆலையை மறுபடி பயன்படுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. கைகள் போய் வரலாம் போலிருக்கிறது. தாள் ஒரே இடத்தில் இருக்கிறது.

அந்த ஸ்டோரில் லாரி இறக்குகிறவர்களில் ஒருவரோடு எனக்குப் பழக்கம். ஒப்பந்தத் தொழிலாளி, திருவண்ணாமலைப் பக்கம். பெட்டியைத் தூக்கினதுமே, 'லேசா இருக்குண்ணே, எண்ணிக்க குறையும்' என்பார். யாரும் எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நோட்டுப் புத்தகக் காரியம் முடிந்த பிறகு அந்தப் பெண் ஒரு மதியம் முழுக்க இறக்கும் மேடையில் நின்றாள். இறக்கும்போதே குறை தெரிந்தால் பதிய ஒரு கட்டம் வேண்டும், இறக்குகிறவரே அதைத் தொட்டுப் பதியலாம் என்று ஒரு வரி எழுதினாள். கூட்டத்தில் அந்த வரியை அடித்தார்கள். எந்திரத்தால் முடியாது என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. 'அவங்க நம்ம ரோல்ல இல்ல, கான்ட்ராக்ட். லாகின் எப்படிம்மா குடுக்கிறது?' என்றார்கள். கையேட்டில் ஏழு வகைப் பயனர்களின் பெயர் வருகிறது. ஏழையும் தமிழில் பெயர்த்தேன். இறக்குகிறவர் எனக்கு வந்த பிரதியில் இல்லை.